சொந்த வாகனத்தோடு வெளிநாடு: கார்னே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்புப் புறக்கோட்டையில் கிளியரிங் வேலை, அதாவது துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் வேலை, பார்க்கிறவர்களிடம் வழக்கமாக வருகிற கேள்வி, ஜப்பானிலிருந்து ஒரு கார் இறக்க எவ்வளவு முடியும் என்பதுதான். கொஞ்ச காலமாக வேறு மாதிரிக் கேள்விகளும் வருகின்றன. சொந்த வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுபோய் ஓடிவிட்டுத் திரும்பக் கொண்டு வரலாமா, லண்டனில் இருக்கிறவர் தன் காரோடு இங்கே வந்து போகலாமா என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள்தான் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. ஆகவே அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கட்டணங்களை எழுதவில்லை. அவை அடிக்கடி மாறும், கவுண்டரில் கேட்டுக்கொள்வதுதான் சரி.

கார்னே எண்டா என்ன? வண்டிக்கு பாஸ்போர்ட் மாதிரியா?

அப்படித்தான் பலர் சொல்கிறார்கள், பாதி சரி. பாஸ்போர்ட் நீங்கள் யார் என்று மட்டும் சொல்லும். கார்னே அதோடு சேர்த்துப் பணத்துக்கும் பொறுப்பு நிற்கும். ஒரு நாட்டுக்குள் வாகனம் வந்தால் இறக்குமதித் தீர்வை கட்டவேண்டும். இரண்டு மாதம் சுற்றிவிட்டுத் திரும்பக் கொண்டு போகிறவருக்கு அந்தத் தீர்வை இல்லை. ஆனால் அவர் உண்மையிலேயே கொண்டு போவார் என்று சுங்கம் எதை வைத்து நம்புவது? "கொண்டு போகாவிட்டால் தீர்வைக்கு நாங்கள் பொறுப்பு" என்று ஒரு மோட்டார் சங்கம் எழுதிக் கொடுக்கிற புத்தகம்தான் கார்னே. முழுப் பெயர் கார்னே த பசாஜ் ஆன் துவான்.

இதன் அடிப்படை 1954ஆம் ஆண்டு நியூயோர்க்கில் உருவான சர்வதேச உடன்படிக்கை. தனியார் வாகனங்களைத் தற்காலிகமாக உள்ளே விடுவது பற்றியது அது. புத்தகங்களை உலக அளவில் ஒழுங்குபடுத்துவது மோட்டார் சங்கங்களின் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. ஃபார்முலா வன் பந்தயத்துக்கு விதி எழுதுகிற அதே எஃப்.ஐ.ஏ.தான்.

எந்த நாட்டுக்குப் போனாலும் இது வேணுமா?

வேண்டாம். ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் சுற்றுலாப் பயணியின் வண்டிக்குக் கார்னே கேட்பதில்லை. நம் பக்கத்தில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், ஈரான் போன்றவை கார்னே நடைமுறையில் இருப்பவை. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, எகிப்து ஆகிய நாடுகளும் அப்படியே. இலங்கையும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

எந்தெந்த நாடுகளில் செல்லும் என்பது கார்னேயிலேயே அச்சிட்டிருக்கும். செல்லாத நாட்டின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

இலங்கையிலிருந்து ரோட்டால போக வழியில்லையே. காங்கேசன்துறை கப்பல்ல கார் ஏத்துவாங்களா?

ஏற்றமாட்டார்கள். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கிய சேவை பயணிகளுக்கானது. பயணப் பையோடு போகலாம், காரோடு போக முடியாது. பாலம் வரப்போகிறது என்ற பேச்சை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே வண்டி சரக்காகத்தான் போகவேண்டும். பெரும்பாலானவர்கள் 20 அடி கன்டெய்னரில் ஒரு காரை ஏற்றித் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ கொச்சிக்கோ அனுப்புகிறார்கள். வண்டியை ஓட்டியே ஏற்றி இறக்கும் ரோ-ரோ கப்பலும் ஒரு வழி. ஆனால் அதில் வண்டியின் சாவியைக் கொடுத்துவிடவேண்டும், உள்ளே சாமான் வைக்க விடமாட்டார்கள். மோட்டார் சைக்கிளை விமானத்திலும் அனுப்பலாம். எதில் போனாலும் டாங்கியில் பெற்றோல் கொஞ்சமாகத்தான் இருக்கலாம், பட்டரி வயர் கழற்றியிருக்கவேண்டும்.

கார்னே எங்க எடுக்கிறது? என்னென்ன கொண்டு போகணும்?

கொழும்பில் இலங்கை ஆட்டோமொபைல் அசோசியேஷன். ஏ.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். 1904இல் தொடங்கிய சங்கம், காலி முகத்திடலுக்குப் பக்கத்தில் சேர் முகமது மாக்கான் மாக்கார் மாவத்தையில் இருக்கிறது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க நீங்கள் ஏற்கனவே அங்கே போயிருப்பீர்கள். சுங்கத்தில் போய்க் கார்னே கேட்காதீர்கள். சுங்கம் அதில் முத்திரை குத்தும், விநியோகிக்காது.

வாகனப் பதிவுச் சான்றிதழ், அதாவது சீ.ஆர்., கடவுச்சீட்டு, அடையாள அட்டை, வாகனத்தின் பெறுமதியைக் காட்டும் மதிப்பீட்டு அறிக்கை, போகிற நாடுகளின் பட்டியல் ஆகியவற்றோடு போனால் பேச்சைத் தொடங்கலாம். விண்ணப்பத்தில் கேட்கும் விவரங்கள் சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கும். சேசி நம்பர், எஞ்சின் நம்பர், உற்பத்தி ஆண்டு, சிலிண்டர் எண்ணிக்கை, நிறம் வரை சரி. சீட் உறை என்ன துணி, ரேடியோ என்ன மேக், ஸ்பெயார் டயர் எத்தனை என்றும் கேட்பார்கள். சிரிக்காமல் ஒழுங்காக நிரப்புங்கள். நீங்கள் எழுதுவதைத்தான் துறைமுகத்தில் இருக்கும் அதிகாரி ஒவ்வொன்றாக வண்டியோடு ஒப்பிடுவார்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சேசி நம்பர். சீ.ஆரைப் பார்த்து எழுதினால் போதாது, வண்டியைப் பார்த்து எழுதவேண்டும். மோட்டார் சைக்கிளில் ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் கிரீஸும் புழுதியும் ஏறி மூடியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்துப் பிரதி எடுங்கள். வெறுங்கண்ணுக்கு 8 என்று தெரிவது தாளில் பி ஆக வரும். அந்த ஓர் எழுத்து வித்தியாசம் இங்கே ஐந்து நிமிட வேலை. சென்னையில் என்றால் கன்டெய்னர் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

லீசிங் முடியாத வண்டி. கொண்டு போக ஏலுமா?

சீ.ஆரில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர்தான் இருக்கும். நீங்கள் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் மட்டும். கம்பனி எழுத்தில் சம்மதம் தந்தால் மேற்கொண்டு பேசலாம். அடகில் இருக்கிற சொத்தை நாட்டை விட்டு அனுப்ப எந்தக் கம்பனியும் சந்தோஷப்படாது, அது வேறு விஷயம். மிச்சத் தவணையைக் கட்டி முடித்துவிட்டுப் போவது நிம்மதி. அலுவலக வாகனம் என்றால் கம்பனி கடிதத் தாளில், எந்த வண்டி, யார் ஓட்டுகிறார், எந்த நாடு, எவ்வளவு காலம் என்று அதிகாரமளிப்புக் கடிதம் வேண்டும்.

டெபாசிட் ஏன் இவ்வளவு பெரிசு? திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். வாடகை வீட்டுக்குக் கொடுக்கிற அட்வான்ஸ் மாதிரிதான். வீட்டை ஒழுங்காக ஒப்படைத்தால் பணம் கைக்கு வரும். புத்தகக் கட்டணம் வேறு, அது திரும்பி வராது.

தொகை ஏன் பெரிது என்றால், நீங்கள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் சங்கம் கட்டவேண்டி வருவது அந்த நாட்டின் முழுத் தீர்வை. இந்தியாவில் பாவித்த காருக்குத் தீர்வை வண்டியின் பெறுமதியையே தாண்டும். ஆகவே வண்டியின் பெறுமதி, வயது, போகிற நாடுகளில் எங்கே தீர்வை அதிகம் என்பதைப் பொறுத்துத் தொகை தீர்மானமாகும். காசாகவோ வங்கி உத்தரவாதமாகவோ கேட்பது வழக்கம். சில நாடுகளின் சங்கங்கள் காப்புறுதியையும் ஏற்கின்றன. தேவையில்லாத நாடுகளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு பெயரைச் சேர்த்தால் அதற்கும் சேர்த்துத்தான் பணம் முடங்கும்.

ஒரு பக்கத்தில மூண்டு துண்டு இருக்கு. எதை யார் கிழிக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் புத்திசாலி. கார்னேயில் சிக்கல் வருகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

ஒவ்வொரு பக்கமும் குறுக்கே மூன்றாகப் பிரிந்திருக்கும். நாட்டுக்குள் நுழையும்போது சுங்க அதிகாரி அடித்துண்டை நிரப்பி, முத்திரை குத்திக் கிழித்து வைத்துக்கொள்வார். வெளியேறும்போது நடுத்துண்டு போகும். மேல் துண்டு புத்தகத்தோடேயே இருக்கும், அதை யாரும் கிழிக்கக்கூடாது. நுழைந்ததற்கு ஒரு முத்திரை, வெளியேறியதற்கு ஒரு முத்திரை என்று மேல் துண்டில் இரண்டும் விழுந்திருந்தால் அந்த நாட்டுக் கணக்கு முடிந்தது. ஒன்றுதான் இருந்தால், தாளின்படி உங்கள் வண்டி இன்னும் அந்த நாட்டில் நிற்கிறது. அது உங்கள் வீட்டுக் கராஜில் நின்றாலும் சரி.

எல்லையில் சொந்தமாக ஓட்டிக்கொண்டு போகிறவர் கவுண்டரில் நின்று இரண்டு முத்திரையையும் பார்த்து வாங்கிவிடுவார். கப்பலில் அனுப்புகிற நமக்கு அந்த வசதி இல்லை. வண்டியைக் கன்டெய்னரில் ஏற்றிச் சீல் வைத்ததும் நாம் விமானம் ஏறிவிடுகிறோம். புத்தகம் கிளியரிங் ஏஜென்டின் மேசையில் கிடக்கிறது. கப்பல் போன பிறகு நடுத்துண்டு போயிற்றா, மேல் துண்டில் முத்திரை விழுந்ததா என்று கேட்க ஆளில்லை. ஏஜென்டுக்கு மிச்சக் காசைக் கொடுப்பதற்கு முன்னால், மேல் துண்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முத்திரையில் திகதியும் துறைமுகத்தின் பெயரும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். நீல மையில் ஒரு வட்டம் மட்டும் தெரிந்தால் போதாது.

எத்தனை பக்கம் உள்ள புத்தகம் எடுக்கிறது?

5, 10, 25 பக்கங்களில் புத்தகங்கள் உண்டு. ஒரு நாட்டுக்குள் ஒருமுறை நுழைந்து வெளியேற ஒரு பக்கம். நாடுகளை எண்ணாதீர்கள், நுழைவுகளை எண்ணுங்கள். இந்தியா போய், நேபாளம் போய், மறுபடி இந்தியா வந்து கப்பல் ஏற்றினால் நாடு இரண்டு, பக்கம் மூன்று.

ஒரு வருஷத்துக்குச் செல்லும் எண்டு இருக்கு. அப்ப ஒரு வருஷம் இந்தியாவிலேயே ஓடலாமா?

இல்லை. ஒரு வருடம் என்பது புத்தகத்தின் ஆயுள், அதுவும் விநியோகித்த நாளிலிருந்து. வண்டி எவ்வளவு காலம் நிற்கலாம் என்பதை அந்தந்த நாடு தீர்மானிக்கும். இந்தியாவில் ஆறு மாதம். உங்கள் விசா அதற்கு முன்னால் முடிந்தால் அதுவும் ஒரு கணக்கு. கப்பலுக்குக் காத்திருக்கும் வாரங்களும் புத்தகத்தின் ஆயுளில்தான் கழியும். ஆகவே பயணத்துக்கு ரொம்ப முன்னாலேயே ஓடிப்போய் எடுக்கவேண்டாம்.

கொழும்புத் துறைமுகத்தால போகும்போது நம்ம கஸ்டம்ஸ்ல என்ன செய்யணும்? திரும்பி வரேக்க டியூட்டி கேட்டா?

எல்லோரும் இந்தியச் சுங்கத்தைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதிகம் கவனிக்கவேண்டியது இங்கேதான். கார்னே உங்களைக் காப்பாற்றுவது வெளிநாட்டுச் சுங்கத்திடம். சொந்த நாட்டுக்குள் திரும்பி வருவதற்கு அது அனுமதிப்பத்திரம் அல்ல.

போகும்போது ஏற்றுமதிக் கஸ்டெக், அதாவது சுங்கப் பிரகடனம், போடவேண்டும். அதில் இது தற்காலிக ஏற்றுமதி, திரும்பக் கொண்டுவரப்படும் என்று தெளிவாக இருக்கவேண்டும். வண்டியைப் பரிசோதித்துச் சேசி, எஞ்சின் நம்பர்களைப் பதிவு செய்ய வையுங்கள். பரிசோதனை அறிக்கையின் நகல், கஸ்டெக் நகல், கப்பல் கம்பனி சரக்குக்குத் தரும் பில் ஒஃப் லேடிங், சீ.ஆர். நகல் ஆகியவற்றை ஒரு ஃபைலில் போட்டு வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது சுங்கம் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: போன வண்டி வந்திருக்கிறதா, அல்லது புதிதாக ஒரு வண்டி வருகிறதா? அந்த ஃபைல் பதில் சொல்லும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவைத் திறந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு பழைய வேகன் ஆர் என்ன விலைக்குப் போனது என்று ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு நாட்டில், கன்டெய்னரில் வருகிற காரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் அதிகாரிக்குப் பிழை சொல்ல முடியாது. ஆகவே போவதற்கு முன்னாலேயே திரும்பக் கொண்டுவருவது பற்றிச் சுங்கத் திணைக்களத்திலும், இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திலும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். "பிரச்சினை வராது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஓர் ஏஜென்ட் வாயால் சொல்வதை வைத்து வண்டியை ஏற்றாதீர்கள். நானும் அதே தொழிலில் இருக்கிறவன்தான், அதனால்தான் சொல்கிறேன்.

இங்க எடுத்த ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு. அது அங்கயும் செல்லும்தானே?

செல்லாது. இலங்கைப் பொலிசி இலங்கைக்குள்தான். கார்னேயும் காப்புறுதி அல்ல, அது தீர்வைக்கு மட்டும். இந்தியாவில் ஓட அங்கே செல்லுபடியாகும் காப்புறுதி வேண்டும், குறைந்தபட்சம் மூன்றாம் தரப்பு. எல்லை தாண்டி ஓட ஐரோப்பாவில் தரும் காப்புறுதி அட்டையான கிரீன் கார்ட்டை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நாடும் அந்தத் திட்டத்தில் இல்லை.

வெளிநாட்டில் பதிவான சொந்த வாகனங்கள் வந்து போவதற்கு இந்தியா 2022இல் தனி விதிகள் போட்டது. பதிவுச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் அல்லது சர்வதேச அனுமதிப்பத்திரம், காப்புறுதி, உங்கள் நாட்டில் நடைமுறை இருந்தால் புகைச் சான்றிதழ் ஆகியவை வண்டியில் இருக்கவேண்டும். நமக்குப் புகைப் பரிசோதனை உண்டு, ஆகவே அந்தத் தாளை மறக்கவேண்டாம். ஆங்கிலம் அல்லாத மொழியில் உள்ள ஆவணத்துக்கு அத்தாட்சிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அந்த வண்டியில் உள்ளூர் ஆட்களையோ சாமானையோ ஏற்றி இறக்க அனுமதி இல்லை. திருச்சியில் மாமா வீட்டுச் சாமானை மதுரைக்கு ஏற்றிக் கொடுக்கிற உதவியெல்லாம் வேண்டாம்.

என்னட்ட இருக்கிறது ஸ்ரீ நம்பர் மொரிஸ் மைனர். நம்பர் பிளேட் பிரச்சினையா?

இலக்கத் தகட்டில் சிங்கள எழுத்து இருப்பதால் கேட்கிறார். அந்த ஸ்ரீயின் 1958ஆம் ஆண்டுக் கதையைத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது, அதை விட்டுவிடுவோம். 1949ஆம் ஆண்டு ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வெளிநாட்டில் ஓடும் வண்டியின் பதிவு இலக்கம் வழமையான எண்களிலும் ரோமன் எழுத்துகளிலும் இருக்கவேண்டும். வேறு எழுத்து இருந்தால் அதையே ரோமன் எழுத்திலும் காட்டவேண்டும். கார்னேயில் எழுதுவதும் தகட்டில் காட்டுவதும் சீ.ஆரில் உள்ளதோடு பொருந்தட்டும்.

பின்பக்கத்தில் நாட்டுக் குறியீடும் ஒட்டவேண்டும். வெள்ளை முட்டை வடிவத்தில் கறுப்பு எழுத்து. இலங்கைக்கு அது இன்றைக்கும் சிலோன் காலத்து சீ.எல்.தான். எஸ்.எல். என்று அடித்து ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அண்ணா லண்டன்ல இருந்து தன்ட காரைக் கொண்டு வாறார். அவர் திரும்பிப் போனதும் நான் ஓடலாமா?

ஓட முடியாது. இந்தக் கேள்வியை எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டார்கள்: தம்பி ஓடலாமா, மச்சான் ஓடலாமா, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மட்டும் ஓடலாமா.

1954 உடன்படிக்கை தருகிற சலுகை, வெளிநாட்டில் வழக்கமாக வசிக்கிறவர் தற்காலிகமாக வந்து போகும்போது சொந்தப் பாவனைக்குக் கொண்டு வருகிற வண்டிக்கு. கடவுச்சீட்டின் நிறத்தை விட, எங்கே வசிக்கிறார் என்பதுதான் கேள்வி. அண்ணா லண்டனில் வசிப்பவர் என்றால் இங்கே பிறந்தவராக இருந்தாலும் அவர் வந்து போகிறவர். அவர் இங்கேயே தங்க முடிவு செய்துவிட்டால் கார்னே அவருக்கு உரியதல்ல. இன்னொருவர் ஓட்டுவதானால் அவரும் வெளிநாட்டில் வசிப்பவராகவும், அண்ணாவின் எழுத்து மூல அதிகாரம் உள்ளவராகவும் இருக்கவேண்டும். கொழும்பில் வசிக்கும் நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். அண்ணா பக்கத்து சீட்டில் இருந்து சொல்லச் சொல்ல நீங்கள் ஓட்டுவதைச் சுங்கம் அனுமதிக்க இடமுண்டு. ஆனால் அது சுங்கத்தின் விருப்பம், முன்கூட்டியே கேட்கவேண்டும். அவர் மட்டும் விமானம் ஏறி, கார் வெள்ளவத்தையில் நிற்பது என்ற திட்டத்தை விட்டுவிடுங்கள்.

சரி, டியூட்டியைக் கட்டிட்டு இங்கேயே வித்தா என்ன?

கார்னேயில் இருக்கும் வண்டியை விற்க, வாடகைக்கு விட, இனாமாகக் கொடுக்க முடியாது. முறைப்படி இறக்குமதி செய்து தீர்வை கட்டிக் கார்னேயை முடித்துக்கொள்ளும் வழி உடன்படிக்கையில் இருக்கிறது. ஆனால் அதற்கு அந்த வண்டி இறக்குமதி விதிகளுக்குப் பொருந்தவேண்டும். வண்டியின் வயதுக்கு வரம்பு இருக்கிறது. பல வருடம் ஓடிய லண்டன் கார் அந்த வரம்புக்குள் வராது. வந்தாலும் கட்டவேண்டிய தொகையைக் கேட்டால் அண்ணா காரைத் திருப்பி ஏற்றிவிடுவார்.

வழியில எஞ்சின் பார்ட் உடைஞ்சா வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாமா?

எடுப்பிக்கலாம். அந்த வண்டியைத் திருத்துவதற்கென்று வரும் உதிரிப்பாகத்தையும் தற்காலிகமாகத் தீர்வையின்றி விடலாம் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. கழற்றிய பழைய பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள். அதைத் திரும்பக் கொண்டு போகவேண்டும், அல்லது சுங்கத்தின் முன்னிலையில் அழிக்கவேண்டும், அல்லது தீர்வை கட்டவேண்டும். முழு எஞ்சினையே மாற்றுவது வேறு கதை. கார்னேயில் எஞ்சின் நம்பர் இருக்கிறது, கொழும்புச் சுங்கத்தின் பரிசோதனை அறிக்கையிலும் இருக்கிறது. எங்கே, ஏன் மாற்றினீர்கள் என்பதற்குத் தாள் இல்லாமல் அந்த வேலையில் இறங்கவேண்டாம்.

வண்டி களவு போனா, இல்லாட்டி அடிபட்டு நொருங்கினா?

களவு போனால் அன்றைக்கே பொலிஸ் முறைப்பாடு, பிறகு அந்த நாட்டுச் சுங்கம், பிறகு கார்னே தந்த சங்கம். மூன்றையும் எழுத்தில் செய்யுங்கள். வண்டி நாட்டை விட்டு வெளியேறவில்லை என்பதால் சுங்கம் தீர்வையைக் கேட்கலாம்.

விபத்தில் நொருங்கிய வண்டிக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. சுங்கத்துக்கே விட்டுக்கொடுக்கலாம், சுங்கத்தின் கண்முன்னே அழிக்கலாம், அல்லது தீர்வை கட்டலாம். எதைச் செய்தாலும் கார்னேயில் அதைப் பதிவு செய்ய வையுங்கள். ரோட்டோரக் கராஜ்காரரிடம் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தால், சட்டப்படி அது விற்பனைதான்.

கப்பல் பிந்துது, கார்னே முடியப் போகுது. நீட்டிக்க ஏலுமா?

முடியும், ஆனால் முடிவுத் திகதிக்கு முன்னால் கேட்கவேண்டும். கார்னே தந்த சங்கத்துக்குக் காரணத்தோடு எழுதுங்கள், வண்டி நிற்கிற நாட்டின் சுங்கமும் சம்மதிக்கவேண்டும். திகதி கடந்த பிறகு எழுதினால் அது கெஞ்சல்தான்.

வெளியேறின முத்திரை இல்லாமல் வண்டி வீட்டுக்கு வந்திட்டுது. இனி என்ன செய்யிறது?

மேல் துண்டைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். ஆனாலும் வழி இருக்கிறது. கார்னேயின் கடைசியில் வண்டி இருக்கும் இடத்தை அத்தாட்சிப்படுத்தும் படிவம் ஒன்று உண்டு. வண்டியைச் சுங்க அதிகாரியிடம் காட்டி, அவர் சேசி, எஞ்சின் நம்பரைப் பார்த்து, இன்ன திகதியில் இந்த வண்டி இலங்கையில் இருக்கிறது என்று ஒப்பமிட்டு முத்திரை குத்தவேண்டும். அதோடு பில் ஒஃப் லேடிங்கையும் மீள் இறக்குமதி ஆவணங்களையும் சேர்த்துச் சங்கத்திடம் கொடுங்கள். வண்டி ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் இருக்க முடியாது என்பதுதான் இங்கே வாதம்.

வந்த கையோடு செய்யுங்கள். இடையில் வண்டியை விற்றுவிட்டால், காட்டுவதற்கு வண்டியே இருக்காது.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கமரா, ட்ரோன் எல்லாத்தையும் காரோட சேர்த்து இதிலேயே எழுதலாமா?

முடியாது. இது வாகனத்துக்கு. தொழில் உபகரணம், கண்காட்சிப் பொருள், மாதிரிகளுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்று வேறு ஒன்று இருக்கிறது, இலங்கையில் அதை ஐ.சி.சி. ஸ்ரீலங்கா, அதாவது சர்வதேச வர்த்தக சபையின் இலங்கைக் கிளை, பார்க்கிறது. டிரெயிலர் இழுத்துக்கொண்டு போனால் அதற்கும் தனிக் கார்னே.

எல்லாம் முடிஞ்சு வண்டியும் வந்தாச்சு. டெபாசிட் இன்னும் வரல, ஏன்?

முதலில், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா? நினைவுப் பொருளாக அலுமாரியில் வைத்திருந்தால் பணம் வராது. பாவிக்காத பக்கங்களோடு முழுப் புத்தகமும் சங்கத்துக்குப் போகவேண்டும்.

எல்லா மேல் துண்டிலும் இரண்டு முத்திரையும் ஒழுங்காக இருந்தால் பொதுவாகத் தடங்கல் இல்லை. நிபந்தனை எதுவும் இல்லாமல் ஒரு சுங்கம் கணக்கை முடித்துக் கொடுத்த பிறகு, மோசடி இருந்தால் ஒழிய மறுபடி பணம் கேட்க முடியாது. முத்திரை ஒன்று குறைந்தால்தான் இழுபறி. அந்த நாட்டுச் சுங்கம் கார்னே முடிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் சங்கத்துக்கு அறிவிக்கலாம். அறிவித்தால் ஆதாரம் காட்டச் சங்கத்துக்கு ஒரு வருடம் கிடைக்கும். காட்டாவிட்டால் மூன்று மாதத்துக்குள் பணத்தைக் கட்டவேண்டும். இந்தக் கணக்கெல்லாம் ஓடுகிற வரைக்கும் சங்கம் உங்கள் காசைப் பிடித்து வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. அதுவரை அந்த ஃபைலில் உள்ள ஒரு தாளையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.